பெயரைச் சொன்னால் கணினி யாரைக் கேட்கிறது?

ஒரே நெட்வொர்க்கில் சில கணினிகள், ஒரு பிரிண்டர், கோப்புகளைப் போட்டுவைக்க ஒரு சிறிய சர்வர் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சர்வரின் ஐபி முகவரி 192.168.1.20. உலாவியில் அந்த எண்ணைத் தட்டினால் சர்வரின் பக்கம் உடனே திறக்கிறது. அதற்கு நீங்கள் ஆசையாக வைத்த ‘பெட்டகம்’ என்ற பெயரைத் தட்டினால் மட்டும், அப்படி ஒன்று இல்லை என்று கைவிரிக்கிறது. வைஃபை நன்றாக இருக்கிறது, சர்வரும் ஓடுகிறது. பிறகு ஏன்?

பழுது எதுவும் இல்லை. பெட்டகம் என்றால் 192.168.1.20 என்று உங்கள் கணினியிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சர்வரை நிறுவும்போது பெயர் என்ன என்று கேட்டிருக்கும், நீங்களும் கொடுத்திருப்பீர்கள். அது சர்வர் தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் பெயர். பக்கத்துக் கணினிக்கும் அது தெரிய வேண்டுமானால் தனியாக ஏற்பாடு வேண்டும்.

நெட்வொர்க்கில் கணினிகள் ஒன்றையொன்று அடைவது எண்ணை வைத்துத்தான். பெயர் நம் வசதிக்கு. 192.168.1.20 என்பதை இன்று மனப்பாடம் செய்துவிடலாம். நாளை ரவுட்டர் அதே சர்வருக்கு 192.168.1.37 என்று வேறு எண்ணைக் கொடுத்துவிட்டால் மனப்பாடம் வீண். ஆகவே பெயரைக் கொடுத்து எண்ணை வாங்கும் வேலை, இணைப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. ‘நேம் ரெசல்யூஷன்’ என்பார்கள். இங்கே பெயர் தேடல் என்றே சொல்லிக்கொள்வோம்.

இந்தத் தேடலில் ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் எளிது. கணினி ஒரே இடத்தில் கேட்பதில்லை. அதனிடம் ஒரு வரிசை இருக்கிறது. முதலாமவருக்குத் தெரியாவிட்டால் அடுத்தவர், அவருக்கும் தெரியாவிட்டால் அதற்கடுத்தவர். யாராவது ஒருவர் பதில் சொன்னதும் தேடல் முடிந்தது. சொன்னது சரியா என்று இன்னொருவரிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் கிடையாது. யார் முந்திக்கொள்கிறாரோ அவர் சொன்னதே செல்லும். பெயர் சார்ந்த எந்தச் சிக்கலிலும், இந்தப் பதிலைச் சொன்னது யார் என்று தேடிப் போவதுதான் நான் கண்ட வரையில் குறுக்குவழி.

தொடரும் முன் ஒரு குறிப்பு. கட்டளைகள், கோப்புகளின் பெயர்கள், கணினிப் பெயர்கள் எல்லாவற்றையும் இங்கே தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

இணையத்துக்கே ஒரு கோப்பு போதுமாக இருந்த காலம்

வரிசையில் முதலில் நிற்பது பெரும்பாலும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற ஒரு சாதாரண உரைக் கோப்பு. அது ஏன் முதலில் நிற்கிறது என்பது கொஞ்சம் பழைய கதை.

இணையத்துக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் 1970களில் இருந்த கணினிகள் சில நூறுதான். எல்லாவற்றின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் அடங்கின. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த நெட்வொர்க் தகவல் மையம், எலிசபெத் ஃபெயின்லர் தலைமையில் அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்றவர்கள் அவ்வப்போது புதிய கோப்பை இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது கட்டுப்படியாகவில்லை. கோப்பு வீங்கியது, எல்லோரும் அதை இறக்குவதே நெட்வொர்க்குக்குச் சுமையானது, ஒருவர் வைத்த பெயரை இன்னொருவர் வைக்காமல் பார்த்துக்கொள்வதும் பெரும்பாடானது.

1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் இதற்கு மாற்றாக டிஎன்எஸ் (டொமைன் நேம் சிஸ்டம்) அமைப்பை வடிவமைத்தார். ஒரே பட்டியலுக்குப் பதிலாக, அவரவர் பெயர்களுக்கு அவரவர் சர்வரே பொறுப்பு. 1987-ல் திருத்தி வெளியிட்ட அதன் விதிகள்தான் இன்றைக்கும் அடிப்படை.

ஆனால் பழைய கோப்பை யாரும் தூக்கி எறியவில்லை. இன்று நீங்கள் வாங்கும் எந்தக் கணினியிலும் அந்தக் கோப்பின் வாரிசு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உலகம் முழுவதற்குமான பட்டியலாக இருந்தது, அந்த ஒரு கணினிக்கு மட்டுமான பட்டியலாகச் சுருங்கிவிட்டது. அதிகாரம் மட்டும் குறையவில்லை. வழக்கமான அமைப்பில் டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் கணினி இதைத்தான் புரட்டுகிறது.

கோப்பைத் திறந்து பார்ப்போம்

லினக்ஸில் அது /இடிசி/ஹோஸ்ட்ஸ். மேக்கிலும் அதே பாதைதான். உள்ளே அது /பிரைவேட்/இடிசி என்ற அடைவுக்குக் கொண்டுபோய் விடுகிறது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸில் சி:\விண்டோஸ்\சிஸ்டம்32\டிரைவர்ஸ்\இடிசி\ஹோஸ்ட்ஸ். கோப்பின் பெயர் வெறும் ஹோஸ்ட்ஸ்தான், பின்னால் எந்த நீட்சியும் கிடையாது.

திறந்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட்
::1 லோக்கல்ஹோஸ்ட்

127.0.0.1 என்பது ‘நானே’ என்று கணினி தன்னைச் சுட்டும் எண். அதற்கு அனுப்பும் எதுவும் கம்பிக்கோ வைஃபைக்கோ போவதில்லை. உள்ளேயே திரும்பி வந்துவிடும். 127 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. இரண்டாவது வரி அதன் ஐபிவி6 (புதிய தலைமுறை ஐபி முகவரி) வடிவம். விண்டோஸில் இந்த இரண்டு வரிகளும் # குறியோடு வெறும் குறிப்பாக இருப்பதைப் பார்க்கலாம். அங்கே இந்தப் பெயரை டிஎன்எஸ் பகுதியே கவனித்துக்கொள்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் இவற்றைத் தொடாதீர்கள். பல நிரல்கள் இவை இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை.

இப்போது நம் சர்வருக்கு ஒரு வரி:

192.168.1.20 பெட்டகம்.ஹோம்.ஆர்பா பெட்டகம் # மாடி சர்வர்

முதலில் எண், பிறகு இடைவெளி, பிறகு பெயர்கள். (ஹோம்.ஆர்பா என்ற முடிவு ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.) இடைவெளி ஒன்றோ பலவோ, டேப் விசையோ, எதுவானாலும் சரி. ஒரு எண்ணுக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் ஒரே வரியில் எழுதலாம். முதல் பெயருக்குத் தனி மரியாதை உண்டு: அதுதான் அசல் பெயர், மற்றவை மாற்றுப் பெயர்கள். எண்ணைக் கொடுத்துப் பெயரைக் கேட்கும் நிரலுக்கு முதல் பெயரே கிடைக்கும். அதனால் நீளமான முழுப் பெயரை முதலிலும், செல்லப் பெயரை அடுத்தும் எழுதுவது வழக்கம். # குறிக்குப் பின்னால் வருவது மனிதர்களுக்கான குறிப்பு. கணினி அதைக் கண்டுகொள்ளாது.

எதை எழுதக்கூடாது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். பெயருக்கு முன்னால் எச்டிடிபி சேர்க்கக்கூடாது. பின்னால் :8080 என்று போர்ட் எண் போட முடியாது, சாய்கோடு போட்டுப் பக்கத்தின் பாதையும் எழுத முடியாது. இந்தக் கோப்புக்குத் தெரிந்தது பெயரும் எண்ணும் மட்டுமே. வலைப்பக்கம், போர்ட் எல்லாம் அதற்கு அப்பாற்பட்ட சங்கதிகள். நட்சத்திரக் குறி போட்டு, இதன் கீழ் வரும் எல்லாப் பெயர்களும் என்று மொத்தமாகச் சொல்லவும் வழியில்லை. ஒவ்வொன்றாகத்தான் எழுத வேண்டும். ஒரே பெயரை இரண்டு எண்களுக்கு எழுதிவைத்தால் எது கிடைக்கும் என்பது கணினிக்குக் கணினி மாறும், ஆகவே அந்த விஷப்பரீட்சை வேண்டாம்.

பெயரிலும் கட்டுப்பாடு உண்டு: ஆங்கில எழுத்து, எண், நடுவில் இணைப்புக் கோடு. அடிக்கோடு கூடாது. சில நிரல்கள் அடிக்கோட்டை ஏற்றுக்கொள்ளும், சில முரண்டு பிடிக்கும். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு துண்டும் 63 எழுத்தைத் தாண்டக்கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை.

கோப்பைச் சேமிக்க நிர்வாகி உரிமை தேவை. லினக்ஸிலும் மேக்கிலும் ‘சூடோ நானோ /இடிசி/ஹோஸ்ட்ஸ்’ என்று டெர்மினலில் திறக்கலாம் (சூடோ நிர்வாகி உரிமை தருவது, நானோ உரையைத் திருத்தும் நிரல்). விண்டோஸில் நோட்பேடை வலது கிளிக் செய்து, நிர்வாகியாக இயக்கும் தெரிவைச் சொடுக்கி, அதன் பிறகு உள்ளிருந்தபடி கோப்பைத் திறக்க வேண்டும். நேராகக் கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் எல்லாம் எழுதி முடித்துச் சேமிக்கும்போது அனுமதி இல்லை என்று நிற்கும். சிலர் அந்த நேரத்தில் அதே பெயரில் வேறு இடத்தில் சேமித்துப் பிறகு நகலெடுப்பார்கள். நோட்பேட் சத்தமில்லாமல் பின்னால் .டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும். விண்டோஸ் கோப்பு நீட்சியை மறைத்துக் காட்டுவதால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும், வேலை மட்டும் நடக்காது. எழுதிய வரி ஏன் எடுபடவில்லை என்று குழம்பினால் முதலில் அந்த அடைவில் கோப்பு நீட்சிகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

வரியைச் சேர்த்துச் சேமித்ததும் ‘பிங் பெட்டகம்’ என்று தட்டுங்கள். முதல் வரியிலேயே அடைப்புக்குறிக்குள் 192.168.1.20 வந்தால் பெயர் தேடல் வேலை செய்கிறது. பிங்குக்குச் சர்வர் பதில் அனுப்புகிறதா இல்லையா என்பது வேறு விஷயம். எண் தெரிந்துவிட்டாலே நம் பகுதி முடிந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது. பெயர் கிடைக்கவில்லை என்பதும், பெயர் கிடைத்து ஆள் கிடைக்கவில்லை என்பதும் வெவ்வேறு நோய்கள்.

தன் பெயரே தெரியாத கணினி

லினக்ஸில் கணினியின் சொந்தப் பெயர் /இடிசி/ஹோஸ்ட்நேம் என்ற கோப்பில் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்’ என்று தட்டிப் புதுப் பெயரைக் கொடுத்தால் போதும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த முறை சூடோ கட்டளையை இயக்கும்போது, இந்தப் பெயருக்கு முகவரி கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும், சில சமயம் கட்டளை ஓடுவதற்கே சில நொடிகள் திணறும். காரணம், ஹோஸ்ட்ஸ் கோப்பில் இன்னும் பழைய பெயரே இருக்கிறது. புதுப் பெயரை எங்கே தேடியும் கிடைக்காமல் கணினி தவிக்கிறது. இரண்டு கோப்புகளிலும் ஒரே பெயர் இருந்தால் எச்சரிக்கை போய்விடும்.

டெபியன், உபுண்டு வகைக் கணினிகளில் இன்னொரு வரியும் கண்ணில் படும்:

127.0.1.1 பெட்டகம்

நிலையான ஐபி முகவரி இல்லாத கணினிக்கும் தன் பெயருக்கு ஓர் எண் வேண்டும் என்பதற்காக நிறுவும் நிரல் செய்துவைத்த ஏற்பாடு இது. மேசைக் கணினிக்கு இது சரியே. சர்வராக ஓடும் கணினியில் இது விசித்திரமான தொல்லை தரும். சர்வர் நிரல் ஒன்றிடம் ‘உன் பெயருக்கு உரிய முகவரியில் காத்திரு’ என்று சொல்லியிருந்தால், அது பெட்டகம் என்ற பெயரைத் தேடும். ஹோஸ்ட்ஸ் கோப்பு 127.0.1.1 என்று சொல்லும். நிரலும் நம்பி அங்கேயே உட்கார்ந்துவிடும். அந்த முகவரி கணினிக்கு உள்ளே மட்டும் இருப்பது. சர்வரிலிருந்து சோதித்தால் எல்லாம் அருமையாக வேலை செய்யும், வெளியிலிருந்து ஒருவராலும் இணைய முடியாது. ஃபயர்வாலைக் குற்றம் சொல்லி மணிக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. நிலையான முகவரி கொடுத்த சர்வரில் அந்த வரியின் எண்ணை உண்மையான முகவரியாக மாற்றிவிடுவதே முறை.

வரிசையை எழுதிவைத்த இடம்

முதலில் கோப்பு, பிறகு டிஎன்எஸ் என்ற வரிசை லினக்ஸில் கல்லில் செதுக்கியது அல்ல. /இடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் என்ற கோப்பில் இப்படி ஒரு வரி இருக்கும்:

ஹோஸ்ட்ஸ்: ஃபைல்ஸ் டிஎன்எஸ்

இடமிருந்து வலமாகக் கேட்க வேண்டும் என்று பொருள். ஃபைல்ஸ் என்பது ஹோஸ்ட்ஸ் கோப்பு. புதிய கணினிகளில் இதற்கு நடுவே எம்டிஎன்எஸ், ரிசால்வ், மைஹோஸ்ட்நேம் என்று இன்னும் சில சொற்கள் நுழைந்திருக்கும். கூடவே சதுர அடைப்புக்குள், ‘கிடைக்காவிட்டால் இங்கேயே திரும்பிவிடு’ என்பது போன்ற நிபந்தனைகளும் இருக்கும். ஒரு பெயர் டிஎன்எஸ்ஸில் இருந்தும் கிடைக்கவில்லை என்றால், நடுவில் யாரோ ‘இல்லை’ என்று சொல்லி வழியை அடைத்துவிட்டார்களா என்று இந்த வரியில் பாருங்கள்.

இங்கேதான் சோதனைக் கருவிகள் பற்றிய பெரிய குழப்பம் பிறக்கிறது. ஹோஸ்ட்ஸில் வரி சேர்த்தாயிற்று. சரிபார்க்க ‘என்எஸ்லுக்அப் பெட்டகம்’ என்று தட்டுகிறீர்கள். இல்லை என்கிறது. ‘டிக்’ கட்டளையும் அதையே சொல்கிறது. வரியை அழித்து மறுபடி எழுதுகிறீர்கள், கணினியை அணைத்துப் போடுகிறீர்கள், பலனில்லை. ஆனால் உலாவியில் பக்கம் திறக்கிறது!

என்எஸ்லுக்அப், டிக் இரண்டும் டிஎன்எஸ் சர்வரை நேராகக் கேட்கவென்றே எழுதப்பட்ட கருவிகள். வரிசையை அவை மதிப்பதில்லை, ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறப்பதும் இல்லை. அவற்றின் மீது பிழை இல்லை. கேட்கத் தெரியாமல் கேட்டது நாம். மற்ற நிரல்கள் பார்ப்பதை அப்படியே பார்க்க வேண்டுமானால் லினக்ஸில் ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் பெட்டகம்’ என்று தட்டுங்கள். அது வரிசைப்படி நடக்கும். மேக்கிலும் விண்டோஸிலும் எளிய சோதனைக்குப் பிங்கே போதும். கெட்என்ட் ஒன்று சொல்லி டிக் வேறொன்று சொன்னால், டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் யாரோ பதில் சொல்லிவிட்டார்கள் என்று பொருள். இந்த இரண்டு கட்டளைகளையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்ப்பதைவிடப் பயனுள்ள சோதனை இந்த விஷயத்தில் கிடையாது.

இன்னொரு குறுக்கீடு கேஷ். ஒரு முறை கேட்ட பதிலைக் கணினி சற்று நேரம் நினைவில் வைத்திருக்கும். உலாவி தனக்கென்று வேறு வைத்திருக்கும். விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக் /ஃபிளஷ்டிஎன்எஸ்’, சிஸ்டம்டி உள்ள லினக்ஸில் ‘ரிசால்வ்சிடிஎல் ஃபிளஷ்-கேஷஸ்’ என்று தட்டினால் கணினியின் நினைவு துடைக்கப்படும். உலாவியை முழுதாக மூடித் திறப்பது பெரும்பாலும் அதன் நினைவையும் தீர்த்துவிடும். நெட்வொர்க்கில் ப்ராக்ஸி (உலாவியின் சார்பில் இணையத்தை அணுகும் இடைச் சர்வர்) இருந்தால் கதையே வேறு: பெயரைத் தேடுவது ப்ராக்ஸி சர்வர், உங்கள் ஹோஸ்ட்ஸ் கோப்பை உலாவி எட்டிக்கூடப் பார்க்காது.

கோப்பில் இல்லாவிட்டால்

கோப்பில் பெயர் இல்லை என்றால் கணினி டிஎன்எஸ் சர்வரிடம் போகும். எந்தச் சர்வர் என்பதை லினக்ஸில் /இடிசி/ரிசால்வ்.கான்ஃப் சொல்கிறது. அதில் ‘நேம்சர்வர்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும் இருக்கும். பெரும்பாலும் அந்த எண் உங்கள் ரவுட்டருடையது, அல்லது 127.0.0.53. இரண்டாவதைக் கண்டால், கணினிக்குள்ளேயே சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற இடைத்தரகர் ஓடுகிறது என்று அர்த்தம். அவர் உண்மையில் யாரிடம் கேட்கிறார் என்பதை ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேடஸ்’ காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இரண்டு நேம்சர்வர் போட்டுவைத்தால், முதலாமவருக்குத் தெரியாத பெயரை இரண்டாமவரிடம் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் முதலில் உள்ளூர்ப் பெயர்கள் தெரிந்த ரவுட்டரையும், அடுத்து 8.8.8.8 போன்ற பொதுச் சர்வரையும் போடுவார்கள். நடப்பது அதுவல்ல. ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்பதும் முழுமையான பதில்தான். அதோடு தேடல் முடிந்துவிடும். முதலாமவர் வாயே திறக்காமல் இருந்தால்தான் இரண்டாமவரிடம் போகும். ரவுட்டர் சில நொடிகள் பதில் சொல்லாமல் இருந்தது என்று வையுங்கள். கேள்வி 8.8.8.8-க்குப் போகும், பெட்டகம் என்றால் யார் என்று அதற்குத் தெரியாது, இல்லை என்று சொல்லிவிடும். சில கணினிகள் அதற்குப் பிறகு இரண்டாமவரோடேயே ஒட்டிக்கொள்ளும். உள்ளூர்ப் பெயர்கள் திடீரென்று மறைந்து, திடீரென்று திரும்பி வரும் அந்த மர்மத்துக்கு இதுவே பெரும்பாலும் காரணம். பட்டியலில் இருக்கும் எல்லா நேம்சர்வருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருக்க வேண்டும்; தெரியாதவரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

அதே கோப்பில் ‘சர்ச்’ என்று ஒரு வரி இருக்கலாம். ‘சர்ச் ஹோம்.ஆர்பா’ என்று இருந்தால், நீங்கள் பெட்டகம் என்று மட்டும் தட்டினாலும் கணினி பெட்டகம்.ஹோம்.ஆர்பா என்று ஒட்டிக் கேட்கும்.

யாரையும் கேட்காமல் கூவி அழைப்பது

.லோக்கல் என்று முடியும் பெயர்களுக்குத் தனி வழி. புதிதாக வாங்கிய பிரிண்டர் எந்த அமைப்பும் செய்யாமலே கணினியில் தென்படுகிறதே, அது இதனால்தான். எம்டிஎன்எஸ் என்ற இந்த முறையில் பொறுப்பாளர் யாரும் கிடையாது. பெட்டகம்.லோக்கல் யார் என்று கணினி 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 என்ற போர்ட்டில் கூவும். நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோர் காதிலும் விழும். அந்தப் பெயருக்கு உரியவர் ‘நான்தான், என் எண் இது’ என்று பதில் சொல்வார். ஆப்பிள் 2002-ல் ரெண்டெவூ என்ற பெயரில் இதைக் கொண்டுவந்து, 2005-ல் பான்ஷூர் என்று பெயரை மாற்றியது. லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் நிரல் அவாஹி. பின்னர் விண்டோஸ் 10-க்கும் இந்த வசதி வந்தது. விதிமுறை ஆவணமாக வெளியானது 2013-ல்.

வீட்டளவு நெட்வொர்க்குக்கு இதைப் போல நோகாமல் கிடைக்கும் வசதி வேறில்லை. சர்வரில் அவாஹி ஓடினால் மற்ற கணினிகளில் எதையும் தொடாமல் பெட்டகம்.லோக்கல் என்று அழைக்கலாம். எண் மாறினாலும் பெயர் மாறாது. எல்லைகளும் உண்டு. கூவல் ரவுட்டரைத் தாண்டாது, ஆகவே விருந்தினர் வைஃபை போலத் தனியாகப் பிரித்த பகுதியிலிருந்து கேட்டால் கிடைக்காது. ஒரே பெயரில் இருவர் இருந்தால் பின்னால் வந்தவர் பெட்டகம்-2.லோக்கல் என்று தன் பெயரை மாற்றிக்கொள்வார், உங்களிடம் கேட்காமலே.

அப்படியானால் ஹோஸ்ட்ஸிலோ ரவுட்டரிலோ நாமே வைக்கும் பெயரின் கடைசியில், .லோக்கல் போல, எந்த முடிவு நல்லது? .லோக்கல் வேண்டாம், அது எம்டிஎன்எஸ்ஸுக்கு எழுதிக்கொடுத்த இடம். கைக்கு வந்ததை வைப்பதும் ஆபத்து. பல மென்பொருள் உருவாக்குநர்கள் தங்கள் சோதனைத் தளங்களுக்கு .டெவ் என்று முடியும் பெயர்களை வைத்திருந்தார்கள். அந்த முடிவு இணையத்தில் கூகுள் வசம் போனது. 2017 டிசம்பரில் வந்த குரோம் 63, .டெவ் என்று முடியும் எல்லாவற்றையும் பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பில்தான் திறப்பேன் என்றது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் எதுவும் மாறவில்லை, ஆனாலும் சோதனைத் தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. இந்த அவதி வேண்டாம் என்றால் இதற்கென்றே ஒதுக்கிய முடிவுகளைப் பயன்படுத்துங்கள்: வீட்டு நெட்வொர்க்குக்கு 2018-ல் ஒதுக்கிய ஹோம்.ஆர்பா, தனியார் நெட்வொர்க்குகளுக்கு 2024-ல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஒதுக்கிய .இன்டர்னல், சோதனைக்கு 1999 முதல் இருக்கும் .டெஸ்ட்.

கோப்பு எப்போது போதாது

இரண்டு மூன்று கணினிகள் வரை ஹோஸ்ட்ஸ் கோப்பே போதும் என்பது என் கட்சி. அதற்கு மேல் போனால், ஒவ்வொரு கணினியிலும் ஒரே வரியை எழுதி, ஒரு எண் மாறியதும் எல்லாவற்றையும் திருத்தி, ஒன்றில் மட்டும் விட்டுப்போய்... 1970களின் தகவல் மையத்தின் பாடு உங்களுக்கும் வந்துவிடும். கைபேசிகளில் இந்தக் கோப்பைத் திருத்தச் சாதாரணமாக வழியும் இல்லை. அப்போது பெயர்களை ரவுட்டரில், அல்லது எப்போதும் ஓடும் ஒரு கணினியில் வைப்பதுதான் சரி. டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய நிரல் இதற்குக் கச்சிதம். அது தான் ஓடும் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் படித்து, அதில் உள்ள பெயர்களை நெட்வொர்க் முழுவதற்கும் டிஎன்எஸ் பதிலாகக் கொடுக்கும். கோப்பு ஒன்று, பயன் எல்லோருக்கும். பல ரவுட்டர்களுக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இதுவே.

எந்த வழியானாலும், பெயர் கொடுக்கும் கருவியின் எண் நிலையாக இருக்க வேண்டும். ரவுட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்கு எண் வழங்கும்) அமைப்பில், கருவியின் மேக் முகவரிக்கு (வன்பொருளின் அடையாள எண், ஆப்பிளின் மேக் அல்ல) இந்த எண்ணைத்தான் தர வேண்டும் என்று முன்பதிவு செய்துவிடுங்கள். பெயரை எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

ஹோஸ்ட்ஸ் கோப்புக்கு வேறு பயன்களும் உண்டு. ஒரு வலைத்தளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது, உலகம் பழைய சர்வரையே பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் கணினியில் மட்டும் தளத்தின் பெயருக்குப் புதிய சர்வரின் எண்ணை எழுதிச் சோதிக்கலாம். ஒரே சர்வரில் பல தளங்கள் இருந்தாலும் பெயரைப் பார்த்துச் சரியான தளத்தைக் காட்டும் என்பதால், எண்ணை மட்டும் தட்டிச் செய்யும் சோதனையைவிட இது நம்பகமானது. புதிய சர்வரில் அந்தப் பெயருக்குச் சான்றிதழ் இல்லையென்றால் உலாவி எச்சரிக்கும். ஹோஸ்ட்ஸ் எண்ணை மாற்றுமே தவிர சான்றிதழ் சோதனையைத் தாண்டவைக்காது. சோதனை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிடுங்கள். மாதங்கள் கழித்துச் சர்வரின் எண் மாறும்போது, ஊரெல்லாம் திறக்கும் தளம் உங்களுக்கு மட்டும் திறக்காது. வரியின் ஓரத்தில் # போட்டு எதற்காக, எப்போது எழுதியது என்பதைக் குறித்துவைத்தால் தப்பிக்கலாம்.

விளம்பரத் தளங்களின் பெயர்களுக்கு 0.0.0.0 என்று எழுதி அவற்றை முடக்குபவர்களும் உண்டு. அதே தந்திரம் தீம்பொருளுக்கும் தெரியும்: வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் பெயரைத் திருப்பிவிட்டு, கணினி புதுப்பிப்பு பெறாமல் செய்துவிடும். நீங்கள் எழுதாத வரி இந்தக் கோப்பில் இருந்தால் ஏன் என்று விசாரிக்க வேண்டும்.

ஆனால் எல்லா அந்நிய வரிகளும் தீம்பொருள் அல்ல. நிரல்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருளான டாக்கர், ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி ஹோஸ்ட்ஸ் கோப்பை எழுதித் தருகிறது. உங்கள் கணினியின் கோப்பில் சேர்த்த வரி கன்டெய்னருக்குள் தெரியாது, கன்டெய்னரைத் தொடங்கும்போதே ‘ஆட்-ஹோஸ்ட்’ என்ற தெரிவில் சொல்ல வேண்டும். விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸான டபிள்யூஎஸ்எல், விண்டோஸின் ஹோஸ்ட்ஸைப் பார்த்துத் தன் கோப்பைத் தானே புதிதாக எழுதிக்கொள்ளும். மேகக் கணினிகளில் கிளவுட்-இனிட் என்ற நிரல், கேட்டுக்கொண்டால், ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் இதைச் செய்யும். ரிசால்வ்.கான்ஃப் கோப்பை நெட்வொர்க்மேனேஜரோ சிஸ்டம்டியோ எழுதுகிறது. இவற்றில் பெரும்பாலானவை கோப்பின் தலையிலேயே, இது தானாக உருவானது, இங்கே திருத்தினால் நிலைக்காது என்று குறிப்பு எழுதிவைக்கும். அந்தக் குறிப்பைப் பார்த்தால் கோப்பை அப்படியே மூடிவிட்டு, அதை எழுதும் நிரலின் அமைப்புகளைத் திறங்கள்.